அறிஞர் அவையும் ஆள்வோர் வாயிலும்

ஊரில் ஒரு திருமணம் நடத்துவோர்க்கே பந்தற்கால் ஊன்றுவது முதல் பந்திப்பாய் சுருட்டுவது வரை உறக்கம் இல்லை. கடல்கடந்த நாடுகளினின்றெல்லாம் அறிஞரை அழைத்து ஓரவையில் அமர்த்த முனைவோர்தம் கவலையை அளவிட்டுச் சொல்லல் அரிது. கூடம் வேண்டும், உறையுள் வேண்டும், கட்டுரைகளை அச்சிட்டு வழங்க வேண்டும், வழிச்செலவுக்கு வகையற்ற அறிஞர்க்குப் பொருளுதவி வேண்டும். இவையெல்லாம் பணத்தால் தீரும் தேவைகள். பணத்தால் தீராத தேவை ஒன்று உண்டு. அஃது ஆள்வோர் இசைவு. வருபவன் எந்நாட்டான், எக்கொள்கையன், எவரோடு பழகியவன் என்று துருவும் அலுவலன் ஒருவன் கையொப்பம் இட்டாலன்றி, எத்துணைப் பேரறிஞனாயினும் அவன் இருக்கை வெறுமையாகவே கிடக்கும். மாநாடு கூட்டுவோர் முன்னதை எண்ணியே பெரிதும் கவல்கின்றனர். பின்னதையோ, மழை பெய்யாமற் போவதுபோலத் தம் கையில் இல்லாத ஒன்றாகக் கொண்டு வாளா இருந்துவிடுகின்றனர். பொருள் தருகின்ற கையே கதவைச் சாத்துகின்ற கையாகவும் இருத்தலின், கேட்க நா எழுவதில்லை.

இவ்விரண்டு தேவைகளும் எங்ஙனம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதை அறிய விழைவோர், உலகக் கணக்கறிஞர் மாநாட்டின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் நன்று. அறிவுத் துறைகளுள் நாட்டுப்பகையும் இனப்பகையும் ஒட்டுதற்கு இடமில்லாத துறை ஒன்று உண்டெனில் அது கணக்கே. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணம் ஆதல் பாரிசிலும் ஒன்றுதான், பெர்லினிலும் ஒன்றுதான். பதினேழு பகா எண்ணாக இருத்தற்கு எந்த அரசின் முத்திரையும் வேண்டுவதில்லை. அத்தகைய துறைக்கே வாயிலில் தடை என்றால், பிற துறைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

1897-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக்கு நகரில் அம் மாநாடு முதன்முதல் கூடிற்று. பின்னர் 1900-இல் பாரிசிலும், 1904-இல் செருமனியின் ஐடெல்பர்க்கிலும், 1908-இல் உரோமையிலும், 1912-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்சிலும் கூடிற்று. கேம்பிரிட்சுக்கு 574 பேர் வந்திருந்தனர். 1916-இல் சுவீடன் தலைநகர் இசுடாக்கோமில் கூடுவதென முடிவாகியிருந்தது. அதற்குள் போர் மூண்டது. அம் மாநாடு கூடவே இல்லை.

போர் ஓய்ந்தது, பகை ஓயவில்லை. வென்ற நாடுகளின் அறிவியற் கழகங்கள் 1919-இல் பிரசெல்சில் கூடிப் பன்னாட்டு ஆராய்ச்சி மன்றம் என்று ஒன்றை நிறுவின. பெயரில் பன்னாடு இருந்தது, செயலில் இல்லை. செருமனி, ஆத்திரியா, அங்கேரி, பல்கேரியா ஆகிய நாடுகளின் அறிஞர் எவரும் அதன் ஆட்சிக்குட்பட்ட எந்த அவையிலும் அமரலாகாது என்பது அதன் முதல் விதி. அவ் விதியின் கீழேயே பன்னாட்டுக் கணக்கியல் ஒன்றியம் 1920-இல் தோன்றிற்று. அவ்வாண்டின் மாநாடும் இசுட்ராசுபூர்க்கு நகரில் கூடிற்று. அவ்வூரைத் தேர்ந்ததிலேயே ஒரு குத்தல் இருந்தது. 1871 முதல் செருமனியின் ஆட்சியில் இருந்து, போருக்குப் பின் பிரான்சுக்கு மீண்ட நகர் அது. அங்குள்ள பல்கலைக்கழகம் ஈராண்டுக்கு முன்வரை செருமன் பல்கலைக்கழகம். ஆங்கே கூடியவர் ஏறத்தாழ 200 பேர். அவைக்குத் தலைமை தாங்கிய பிரெஞ்சுக் கணக்கறிஞர் எமில் பிக்கார், போரில் தம் மகனைப் பறிகொடுத்தவர். அவர் நெஞ்சின் புண்ணை எள்ளுதல் முறையன்று. ஆயினும் ஒரு தந்தையின் துயரம் உலகக் கழகம் ஒன்றன் விதியாக எழுதப்படும்போது, அதனால் ஒறுக்கப்படுவோர் குற்றவாளிகள் மட்டும் அல்லர்.

சான்றாக, செருமனியின் தலையாய கணக்கறிஞர் இல்பர்ட்டை எண்ணிப் பார்க்கலாம். 1914-இல் செருமனியின் போர்ச்செயல்களுக்கு நயங்கற்பித்து அந்நாட்டுப் பெரியோர் 93 பேர் அறிக்கை விடுத்தபோது, அதில் கையொப்பமிட மறுத்தவர் அவர். போர் உச்சத்தில் இருந்த 1917-இல், பகைநாட்டுக் கணக்கறிஞரான தார்பூ மறைந்தார் என்று கேட்டு, அவரைப் போற்றி நினைவுக் கட்டுரை எழுதி வெளியிட்டவர். அதற்காக மாணவர் சிலர் அவர் வீட்டு முன் கூடிக் கூச்சலிட்டும் அவர் வருத்தந் தெரிவிக்க மறுத்தார். அத்தகையவரையும் மன்றத்தின் விதி வெளியே நிறுத்திற்று. விதிக்கு முகம் இல்லை. அது பிறப்பிடத்தை மட்டுமே கேட்கும்.

இவ் விதியை ஏற்காதோர் வென்ற நாடுகளிலும் இருந்தனர். அவருள் முன்னிற்பவர் ஆங்கிலப் பேராசிரியர் ஆர்டி. தமிழர்க்கு அவர் அயலாரல்லர். 1913-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்துக் கணக்கர் ஒருவர் பெயரில் வந்த மடலைப் பிரித்து, எழுதியவன் எந்நாட்டான், என்ன பட்டம் பெற்றான் என்று கேளாமல், உள்ளிருந்த கணக்கை மட்டுமே எடைபோட்டு அவரைக் கேம்பிரிட்சுக்கு அழைத்தவர் அவரே. இராமானுசன் ஒருவரை அங்ஙனம் அழைத்தவர், செருமனியன் என்பதற்காக மற்றொருவரை விலக்கும் அவையில் எப்படி அமர்வார்? அவர் இசுட்ராசுபூர்க்கு அவைக்குச் செல்லவில்லை.

அடுத்த மாநாடு 1924-இல். அதனை நியூயார்க்கில் நடத்துவதாக, வந்திருந்த அமெரிக்கப் பேராசிரியர் இருவர் உறுதி கூறிச் சென்றனர். தம் நாட்டுக் கணக்கியற் கழகத்தைக் கேளாமற் கூறிய உறுதி அது. ஊர் திரும்பியபின் உண்மை விளங்கிற்று. அமெரிக்கக் கணக்கறிஞர் பலர் இவ் விலக்கு விதியை விரும்பவில்லை. செருமனியில் பயின்று வந்தோர் அவருள் பலர். தம் ஆசிரியர்க்குக் கதவைச் சாத்தும் மாநாட்டுக்கு உண்டியல் ஏந்த அவர்க்கு மனம் இல்லை. அத்தகைய மாநாட்டுக்குப் பொருள் திரட்டல் இயலாதென உணர்ந்து, 1922-இல் அமெரிக்கர் தம் அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். பணமுட்டுப்பாடு என்று வெளியே சொல்லப்பட்டவற்றுள் பலவும் இவ்வாறு மனமுட்டுப்பாடாகவே இருத்தல் கூடும் என்பது ஈண்டுக் குறிக்கத் தக்கது. கொடுக்க மனமில்லாதவன் கையில் காசில்லை என்பான்.

இந்நிலையில்தான் சான் சார்லசு பீல்ட்சு என்னும் கனடாக் கணக்கறிஞர் முன்வந்தார். ஒந்தாரியோவின் அமில்டன் நகரில் 1863-இல் பிறந்தவர். தொராண்டோப் பல்கலைக்கழகப் பேராசிரியர். இளமையில் பல்லாண்டுகளைப் பெர்லினிலும் பாரிசிலும் கழித்தவர். செருமன் அறிஞர் பலரை நேரிற் பழகி அறிந்தவர். சுவீடன் நாட்டு மித்தாக்கு இலெப்ளர் அவர்க்கு நெருங்கிய நண்பர். அவரோ விலக்கு விதியை வெளிப்படையாக எதிர்த்தவர். அத்தகைய பீல்ட்சுதாம் விலக்கு விதியோடு கூடிய மாநாட்டைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார். ஏற்காவிடின் 1924-இல் மாநாடே இல்லை. 1916-ஐப் போல அவ்வாண்டும் வெற்றாண்டாகக் கழியும். எட்டாண்டுக்கு இருமுறை அறுந்த நூலைப் பின்னர் யார் முடிச்சிடுவது?

கனடாவோ அந்நாளில் கணக்கியலுக்குப் பெயர்போன நாடன்று. ஐரோப்பியக் கணக்கறிஞர்க்கு அட்லாண்டிக்குப் பெருங்கடலைக் கடந்து வருதல் பெருஞ்செலவு. போருக்குப் பின் பிரான்சு, இத்தாலி நாடுகளின் பணமதிப்புச் சரிந்து கிடந்தது. ஒரு பேராசிரியரின் திங்களூதியம் கப்பற் கட்டணத்துக்கே போதாது. பீல்ட்சு தம் உடல்நலத்தைப் பொருட்படுத்தாமல் ஐரோப்பாவுக்குப் பயணஞ்செய்து கழகங்களைக் கண்டு பேசினார். பேரறிஞர் வீட்டுக் கதவுகளைத் தட்டினார். மறுபுறம், நடுவணரசையும் ஒந்தாரியோ மாநில அரசையும் அணுகிப் பொருளுதவி பெற்றார். எண்களைத் தவிர வேறெதையும் ஆக்கிக் காட்டாத ஒரு துறைக்கு ஏன் பணந் தர வேண்டும் என்று கேட்கும் அரசியலாளரிடம் கை நீட்டுதல் எளிதன்று. நெடுஞ்சாலை கேட்டால் ஊரார் ஒப்போலை கிடைக்கும். பகா எண்களுக்கு எந்தத் தொகுதியில் ஒப்போலை உண்டு? ஆயினும் அவர்க்கு அதில் பழக்கம் இருந்தது. தொராண்டோவின் பழைய அறிவியற் கழகம் ஒன்றற்கு அவர் அந்நாளில் தலைவர். ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் ஒதுக்க வேண்டும் என்று மாநில அவையினரைப் பன்முறை வலியுறுத்தியவர்.

அவர் செய்த மற்றொரு சூழ்ச்சி பாராட்டற்குரியது. பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகம் தன் ஆண்டுக் கூட்டத்தை அதே 1924 ஆகசுட்டில் அதே தொராண்டோவில் நடத்துமாறு ஏற்பாடாயிற்று. ஒரு கப்பலில் இரு கூட்டத்தார் வரலாம்; ஒரு விடுதியில் இரு விருந்தினர் தங்கலாம்; ஓரரசின் வரவேற்பில் இரண்டு அவையும் உண்ணலாம். சிக்கனம் அறிந்த குடும்பத் தலைவன் ஒரே பந்தலில் இரண்டு திருமணம் முடிப்பதைப் போன்றது இது. ஆகசுட்டு 11 முதல் 16 வரை கணக்கறிஞர் மாநாடு நடந்தது. 444 பேர் பெயர் பதிந்தனர். அவை முடிந்தபின் விருந்தினரைத் தொடர்வண்டியில் ஏற்றி, கோதுமை வயல்களையும் பனிமலைகளையும் கடந்து மேலைக் கடற்கரை வரை அழைத்துச் சென்று மீட்டனர். மாநாட்டுக் கட்டுரைகள் இரண்டு பெருந்தொகுதிகளாக 1928-இல் வெளிவந்தன. அவற்றைப் பதிப்பிக்கும் பணியிலும் பீல்ட்சே நான்காண்டு தோய்ந்து கிடந்தார். அவர் நெஞ்சுநோய்க்கு இவ் வுழைப்பே கரணியம் என்று உடனிருந்தோர் கருதினர்.

ஆர்டி தொராண்டோவுக்கும் செல்லவில்லை. இருவருள் யார் செய்தது சரி என்னும் வினா இங்கெழும். கதவு சாத்திய வீட்டில் விருந்துண்ணேன் என்று விலகி நின்றவரா? வீட்டுக்குள் நுழைந்து தாழ்ப்பாளைத் தளர்த்த முயன்றவரா? விலகல் தூய்மையானது, ஆனால் விலகி நிற்போர் எல்லாரும் ஆர்டிகள் அல்லர், சோம்பரும் அப்பெயரைச் சொல்லி ஒதுங்கிக்கொள்வர். நுழைதல் பயன் தருவது. ஆனால் நுழைந்தோருட் பலர் விருந்தின் சுவையில் தாழ்ப்பாளை மறந்துவிடுவர். பீல்ட்சு மறக்கவில்லை என்பதற்குத் தொராண்டோ அவையே சான்று. அங்கேதான், விலக்கு விதியை நீக்க வேண்டும் என்னும் கோரிக்கையை அமெரிக்கப் பேராளர் முன்வைத்தனர். இத்தாலி, ஆலந்து, சுவீடன், தென்மார்க்கு, நார்வே, பிரித்தன் ஆகிய நாட்டினர் வழிமொழிந்தனர். தொராண்டோ அவை கூடாதிருந்தால் அக்கோரிக்கையை வைக்கவும் ஓர் இடம் இருந்திராது. ஆர்டி போன்றார் வாராது ஒழிந்திராவிடின், அக்கோரிக்கைக்கு அத்துணைக் கூர்மையும் இருந்திராது. ஈராண்டு கழித்து, 1926-இல், மன்றம் தன் விலக்கை நீக்கிற்று.

விதி நீங்கினும் வெறுப்பு உடனே நீங்குவதில்லை. 1928-இன் மாநாட்டை இத்தாலியின் பொலோனா நகரில் நடத்தும் பொறுப்பு, ஒன்றியத்தின் தலைவராகிய பிங்கெர்லே என்பாரிடம் வந்தது. எல்லா நாட்டாரையும் அழைப்பேன் என்றார் அவர். ஒன்றியத்தின் பிரெஞ்சுத் தலைவர்கள் முகஞ்சுளித்தனர். ஒன்றியத்தில் சேராத நாட்டாரை ஒன்றியத்தின் மாநாட்டுக்கு அழைத்தல் விதிக்கு ஒவ்வாது என்றனர். செருமனியிலோ, இத்துணையாண்டு இழிவுபடுத்தியோர் அழைப்பை ஏற்பதா என்று பீபர்பாக்கு முதலியோர் குரலெழுப்பினர். இரு பக்க இடியும் தாங்கிய மத்தளமாக நின்றார் பிங்கெர்லே. இறுதியில் அவர் கண்ட வழி எளியது: மாநாட்டை ஒன்றியம் அழைக்கவில்லை, பொலோனாப் பல்கலைக்கழகம் அழைக்கிறது என்று அறிவித்துவிட்டார். ஓலையில் ஒரு பெயரை மாற்றியதும் விதியின் பல் கழன்றது. அலுவலர் விதிகளால் அறிஞரைக் கட்டினர். அறிஞர் ஒருவர் அதே விதிகளின் இடுக்கில் புகுந்து வெளியேறினார். 836 பேர் கூடிய அவ் வவையில் 60-க்கு மேற்பட்ட செருமானியர் இருந்தனர். நோயுற்று மெலிந்திருந்த இல்பர்ட்டு அவர்க்குத் தலைமை தாங்கி உள்ளே நுழைந்தபோது அவை எழுந்து கைதட்டிற்று என்பர். அந்நாளில் இத்தாலியை ஆண்டவன் முசோலினி என்பதையும் மறத்தல் ஆகாது. கொடுங்கோலன் நாட்டில் கதவு திறந்தது. குடியாட்சி நாட்டில் கூடிய அவையில் கதவு சாத்தியிருந்தது. ஆட்சியின் பெயரைப் பார்த்து அவையின் தன்மையை முடிவு செய்வோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. மாநாடு முடிந்ததும் பிங்கெர்லே ஒன்றியத் தலைமையினின்றும் விலகினார்.

தொராண்டோ மாநாட்டுக் கணக்குப் புத்தகத்தை முடித்தபோது, எல்லாச் செலவும் போக ஒரு சிறு தொகை மிஞ்சியிருந்தது. மாநாட்டு வரலாறுகளில் இஃது அரிதினும் அரிய நிகழ்ச்சி. பொதுப்பணத்தில் மிச்சம் பிடித்தோர் பெயரை எந்நாட்டிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். 1931-இல் குழு கூடி, அதில் 2,500 தாலரை ஒதுக்கி, இனிவரும் மாநாடுகளில் கணக்கறிஞர்க்கு இரு பதக்கங்கள் வழங்குவதென முடிவு செய்தது. பதக்கம் எந்த நாட்டின் பெயரையும், எந்த நிறுவனத்தின் பெயரையும், எந்த மாந்தன் பெயரையும் தாங்கக் கூடாது. இயன்ற அளவு பன்னாட்டுத் தன்மையும் பொதுமையும் உடையதாக இருக்க வேண்டும் என்று பீல்ட்சு எழுதிவைத்தார். 1932 ஆகசுட்டில் அவர் மறைந்தார். தம் உடைமையினின்றும் 47,000 தாலரை அதற்கென இறுதியாவணத்தில் எழுதியிருந்தார். அடுத்த திங்களில் சூரிக்கில் கூடிய மாநாடு, சிங்கு என்பார் கொண்டுவந்த அவர் கோரிக்கையை ஏற்றது. 1936-இல் ஓசுலோவில் முதற் பதக்கங்கள் வழங்கப்பெற்றன. எவர் பெயரும் வேண்டா என்று எழுதியவர் பெயராலேயே உலகம் இன்று அதனை வழங்குகிறது. இஃது ஒன்றே அவர் கட்டளை மீறப்பட்ட இடம்.

ஆனால் அப் பதக்கத்தின் வழியிலும் வாயிற்காவலர் நின்றுகொண்டே இருந்தனர். ஓசுலோ அவைக்கே உருசியக் கணக்கறிஞர் வர விடப்படவில்லை. 1950-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்சில் மாநாடு கூடியபோது, பதக்கம் பெறவிருந்த பிரெஞ்சு அறிஞர் இலாரன் சுவார்சும், எண்பது அகவை கடந்த முதுபெரும் அறிஞர் அடமாரும் இடதுசாரிக் கொள்கைத் தொடர்பு கருதி நுழைவிசைவுக்கு அலைக்கழிக்கப்பட்டனர். அடமார்க்கு மாநாடு தொடங்கச் சில நாட்களே இருக்கையில் இசைவு கிடைத்தது. 1970-இல் நீசு நகரில் நோவிக்கோவும், 1978-இல் எல்சிங்கியில் மார்கூலிசும் தம் பதக்கத்தை வாங்கிக்கொள்ளச் செல்லச் சோவியத்து அரசு இசையவில்லை. வாங்குவோர் இன்றியே விழா நடந்தது. 1982-இல் வார்சாவில் கூடவிருந்த மாநாடு, போலந்தில் முந்தைய திசம்பரில் படையாட்சி அறிவிக்கப்பட்டமையால் 1983-க்குத் தள்ளிப்போயிற்று. செல்வ நாடு, பொதுவுடைமை நாடு என்ற வேற்றுமை இதில் இல்லை. எல்லா அரசுகளின் வாயிற்காவலரும் ஒரே பள்ளியில் பயின்றோர் போலும்!

2022-இன் மாநாடு உருசியாவின் தூய பீட்டர்சுபர்க்கில் சூலைத் திங்கள் கூடுவதாக இருந்தது. உருசிய அரசு பெரும்பொருள் தர இசைந்திருந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 24-இல் உருசியப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. இரண்டே நாளில் ஒன்றியம் முடிவு செய்தது: மாநாடு உருசியாவில் நடவாது, மின்வலை வழியே நடக்கும், உருசிய அரசின் பணம் வேண்டா. நான்காண்டு உழைப்பையும் பொருளையும் ஒரே முடிவில் உதறுதல் எளிய செயலன்று. ஆனால் 1920-க்கும் 2022-க்கும் உள்ள வேறுபாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒன்றியம் அரசை விலக்கிற்று, அறிஞரை விலக்கவில்லை. உருசியக் கணக்கறிஞர் தனியொருவராகக் கலந்துகொள்ளத் தடை இல்லை. எந்நாட்டாரும் கட்டணமின்றிக் கேட்கலாம். சூலை 5-இல் எல்சிங்கியில் பதக்கங்கள் வழங்கப்பெற்றன. பெற்றவருள் ஒருவர் உக்ரைனியரான மரினா வியாசோவ்சுகா. நூறாண்டுப் பட்டறிவில் அவ் வொன்றியம் கற்றுக்கொண்ட பாடம் இது.

இந்திய நாட்டு அலுவலகங்கள் அப்பாடத்தைக் கற்றனவா? 2010 ஆகசுட்டு 19 முதல் 27 வரை அம் மாநாடு ஐதராபாத்தில் கூடிற்று. மயிலாடுதுறையில் பிறந்து உலகச் சதுரங்க வாகையராக விளங்கிய விசுவநாதன் ஆனந்துக்கும், அமெரிக்கக் கணக்கறிஞர் மம்போர்டுக்கும் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க ஐதராபாத்துப் பல்கலைக்கழகம் விரும்பிற்று. உலகக் கணக்கறிஞர் கூடியிருக்கும் வேளையில் வழங்குதல் சிறப்பென்று நாளுங் குறித்தது. கோப்பு தில்லிக்குச் சென்றது. ஆனந்து இந்தியக் குடிமகன்தானா என்னும் ஐயம் நடுவணரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சக அலுவலர்க்கு எழுந்தது. அவர் இசுபெயினில் நெடுநாள் தங்கியிருந்தாராம்! இந்நாட்டுக் கொடியின் கீழ் ஆடி ஆடியே உலகை வென்றவர் அவர். அவர் கையில் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டு. அதன் படியும் அனுப்பப்பட்டது. ஆயினும் குறித்த நாளில் இசைவு வரவில்லை. செய்தி நாடெங்கும் பரவியபின் அமைச்சரே ஆனந்திடம் வருத்தந் தெரிவித்தார். கடவுள் கொடுத்தாலும் பூசாரி கொடான் என்பது பழமொழி. இங்கே பூசாரிக்குக் கடவுள் யாரென்றே தெரியவில்லை. பட்டத்தைப் பற்றி ஆனந்து முகங்கோணவில்லை. சொன்ன சொல் தவறாமல் மாநாட்டுக் கூடத்தில் நாற்பது பலகைகளுக்கு எதிரே நடந்து நடந்து, நாற்பது பேரோடு ஒரே வேளையில் ஆடினார். அவரோடு ஆடிச் சமன் செய்தவன் பதினான்கு அகவைச் சிறுவன் ஒருவன்.

அஃது ஒரு தனி அலுவலரின் மடமை என்று தள்ளிவிட இயலாது. இந்நாட்டில் அயல்நாட்டறிஞரை அழைத்து மாநாடு கூட்டுவோர், தம் துறை அமைச்சகத்தின் இசைவு, வெளியுறவு அமைச்சகத்தின் இசைவு, உள்துறை அமைச்சகத்தின் இசைவு என மூன்று வாயில்களைக் கடக்கும் முறை நெடுநாளாக இருந்து வந்துள்ளது. மூன்றும் கைக்கு வந்தாலன்றி அழைக்கப்பட்டவர் மாநாட்டுக்குரிய நுழைவிசைவு கேட்டல் இயலாது. ஒன்று தாழ்ந்தால் மற்ற இரண்டும் வீண். மறுப்பு என்று எவரும் எழுதித் தருவதில்லை. விடை வாராமலே நாள் கடந்துவிடும். எழுதப்பட்ட மறுப்பை எதிர்த்து வழக்காடலாம். எழுதப்படாத காலத்தாழ்வை எதிர்த்து எங்கே முறையிடுவது? வானூர்திக் கட்டணம் ஏறிவிடும். முன்பணம் தந்த விடுதி அறை கைவிட்டுப் போகும். அழைக்கப்பட்டவர் வேறு வேலை தேடிக்கொள்வார். பொருள் முட்டுப்பாடும் அலுவலகத் தாழ்வும் வேறுவேறல்ல என்பதை மாநாடு நடத்தினோர் அறிவர். தாழ்ந்து வந்த ஒவ்வோர் இசைவும் செலவேட்டில் ஒரு வரியாகவே முடிகிறது.

2021 சனவரியில் இன்னொரு படி ஏறினர். பெருந்தொற்றினால் எவரும் எங்குஞ் செல்ல இயலாது வீட்டினின்றே திரையில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அரசுப் பல்கலைக்கழகங்களும் அரசுப்பணம் பெறும் நிறுவனங்களும் மின்வலை வழியே பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்துவதாயினும் முன்னிசைவு பெறல் வேண்டும். கலந்துகொள்வோர் பெயர்ப்பட்டியையும் காட்டி ஒப்புதல் பெறல் வேண்டும். நாட்டின் உள்விவகாரம் என்று கருதப்படும் பொருள்கள் பேசப்படலாகா என்று நடுவணரசு ஓர் ஆணை விடுத்தது. கடல் கடந்து உடல் வருவதற்குக் கேட்ட சீட்டை, கம்பி வழியே குரல் வருவதற்கும் கேட்டனர். நாட்டின் உயர் அறிவியற் கழகங்கள் இரண்டு, இஃது ஆராய்ச்சியின் கழுத்தை நெரிக்கும் என்று எழுத்தில் தெரிவித்தன. அடுத்த திங்களே ஆணை திரும்பப் பெறப்பட்டது. கழகங்கள் வாய்திறந்தால் ஆணைகள் திரும்பும் என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று வேண்டுவதில்லை. ஆனால் நேரிற் கூடும் மாநாடுகளுக்கு உரிய மூன்று வாயில்களைப் பற்றி அக்கழகங்கள் அத்துணை உரக்கப் பேசியதில்லை.

ஆள்வோரிடம் கேட்க வேண்டியது சிறிதே. மாநாட்டுக்கு மூன்று திங்கள் முன்பாக விண்ணப்பம் வந்தால் ஒரு திங்களுள் விடை தருக. மறுப்பதாயின் கரணியத்தை எழுத்தில் தருக. பொதுப்பணத்தில் ஒரு பங்கு தருவதால், அவையில் யார் அமர்வது என்று சொல்லும் உரிமையும் அதனோடு சேர்ந்து வருவதாக எண்ணற்க. அப்பணம் அமைச்சர் வீட்டுப் பணமன்று. மாநாடு கூட்டும் பேராசிரியர்க்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முழுச்செலவையும் அரசிடமே எதிர்நோக்கி இருக்கற்க. ஆயிரம் பேரிடம் பெற்ற பத்துப்பத்து உருவாயால் நடக்கும் சிறு கருத்தரங்கில் பட்டு விரிப்பு இராது. பெயர்ப்பட்டியைத் திருத்த வருவோரும் இரார். அரசுப்பணம் இன்றி நடவாத பெருமாநாடு எனில், அழைப்போலை எழுதும் முன்னரே, அழைக்கப்படுவோரில் ஒருவரை நாடு கருதியோ கொள்கை கருதியோ தடுத்தால் என்ன செய்வதென்று குழு கூடி முடிவெடுத்து, அதனை ஏட்டில் எழுதி வைக்க. இறுதி நாளில் அலுவலகப் படிக்கட்டில் நின்று அம்முடிவை எடுக்க எவர்க்கும் துணிவு வாராது. அவ்வாறு தடுக்கப்பட்டு ஓர் அறிஞர் வர இயலாமற் போனால், அவர் நாற்காலியை எடுத்து மூலையில் மறைத்துவிட்டு, இருப்போரை நெருக்கி அமர்த்தி அவை நிறைந்ததெனக் காட்டற்க. பெயரட்டையுடன் அந் நாற்காலியை முன்வரிசையிலேயே இட்டு வைக்க. தொடக்கவுரையாற்ற வரும் அமைச்சர் அதனைக் கடந்தே மேடைக்குச் செல்லட்டும்.